நாலு சுற்றுக்கு மேல்

நீங்கள் ஆறு பேர் குடிநீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்கிறீர்களாம், உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நம் தீவுகளின் வடகோடியில் இருக்கிற திக்லிபூருக்கு மாற்றலாகி வந்து இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஏழு வருட சர்வீஸ்தான் எனக்கு. அறிவுரை சொல்லும் வயதும் இல்லை, முகமும் இல்லை. ஆனால் ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன். அதை என்னோடே வைத்துக்கொண்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அதனால் சரி என்றேன்.

பம்ப், குளோரின், குழாய் அளவு இதெல்லாம் சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறது. நான் சொல்லப் போவது ஒரு வால்வையும் ஒரு மனிதரையும் பற்றி.

கராச்சர்மாவில் எனக்கு முதல் போஸ்டிங். மெயின்லேண்டில் படித்துவிட்டு ஊர் திரும்பிய கையோடு வேலை. எட்டு மாதம் மழை கொட்டுகிற தீவில் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குக் கோபம். இன்ஜினியராகி வந்ததும் அந்தக் கோபத்துக்கு ஒரு அடையாள அட்டை கிடைத்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். மனப்பூர்வமாக நம்பினேன், சிரிக்காதீர்கள்.

எங்கள் பகுதிக்கு இரண்டு லைன். ஒன்று தாழ்வான பக்கம்: கடைகள், இரண்டு மூன்று லாட்ஜுகள். இன்னொன்று குன்றின் மேல் ஏறுகிற லைன்: கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய நம் மலையகத் தமிழர்கள், வங்காளிகள், தெலுங்குக்காரர்கள் எல்லாம் கலந்த வீடுகள். குன்றில் தண்ணீர் வரவில்லை என்பது தீராத புகார். தண்ணீர் வராத நாளில் ஒரு ஒப்பந்தக்காரரின் டேங்கர் மேலே போகும், நடைக்கு இவ்வளவு என்று டிபார்ட்மெண்ட் அவருக்குப் பணம் கொடுக்கும். அதற்குக் குடமும் சண்டையுமாக வரிசை நிற்கும்.

நான் வந்த மூன்றாம் மாதம் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். இரண்டு லைன் ஜனங்களையும் சேர்த்தேன். வால்வு எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது என்கிற பதிவேட்டைப் படம் எடுத்து வாரா வாரம் போட்டேன். இரண்டு லைனுக்கும் சரியாக இரண்டு மணி நேரம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாருக்கும் சமமாகத்தான் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். குன்றுக்காரர்கள் மறுபடியும் தண்ணீர் இல்லை என்றார்கள். அப்படியானால் நடுவில் யாரோ திருடுகிறார்கள் என்று முடிவு செய்தேன்.

திறந்து மூடுகிறவர் தங்கவேலு. ராமநாதபுரம் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பதினொரு வருடமாகத் தினக்கூலி மஸ்தூர். நிரந்தரமாக்கும் பட்டியலில் அந்த வருடம்தான் பெயர் ஏறியிருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு காலை, குன்று லைனுக்குத் தண்ணீர் விடுகிற நாள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகிறேன். ஒரு லாட்ஜ் மதில்மேல் தங்கவேலு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் தலைக்குப் பின்னால், ஏற்கெனவே நிரம்பியிருந்த லாட்ஜ் தொட்டிக்கு மறுபடியும் யாரோ மோட்டார் போட்டிருக்க வேண்டும், தண்ணீர் வழிந்து ஓடையாகச் சாக்கடைக்குப் போகிறது. அதே நிமிடம் என் போனில் குன்றிலிருந்து செய்தி: "குழாயில் காற்றுதான் வருகிறது." போனைத் தூக்கினேன். படம் எடுத்தேன். "யே கைஸே?", இது எப்படி என்று இரண்டே வார்த்தை எழுதிக் குழுவில் போட்டேன்.

மதியத்துக்குள் அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது. யாரோ தங்கவேலுவின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுச் 'சோர்' என்று எழுதியிருந்தார்கள். திருடன். மறுநாள் வால்வுச் சாவியை வாங்கிக்கொண்டு அவரை ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு இருக்குமே, டி எழுத்து மாதிரி இரும்புக் கம்பி, அதுதான் சாவி. பத்து நாளில் விசாரணை. குற்றம் உறுதியானால் பட்டியலிலிருந்து பெயர் போகும், வேலையும் போகும்.

எங்கள் உதவிப் பொறியாளர் என் முதுகில் தட்டினார். "நல்ல வேலை பண்ணினம்மா. இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம டிபார்ட்மெண்டுக்கே கெட்ட பேரு." எனக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இறங்கியது.

இரண்டு நாள் கழித்து ஏதோ ஒரு கேஸ்கெட் தேடி ஸ்டோருக்குப் போனேன். தங்கவேலு பழைய மீட்டர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் துடைக்கச் சொல்லவில்லை.

"வாங்க மேடம். என்ன சைஸு?"

எடுத்துக் கொடுத்தார். போயிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "தங்கவேலண்ணே, ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"என்ன பண்ணினேன்?"

"குன்றுக்குத் தண்ணி விடாம..."

"விட்டேனே. ரெண்டு மணி நேரம். நீங்கதான வாரா வாரம் போட்டா புடிச்சுப் போட்டீங்க?" துணியை உதறினார். "நாலு சுத்துன்னாங்க, நாலு சுத்து சுத்துனேன். கீழ லைனுக்கு முழுசா தொறன்னாங்க, தொறந்தேன்."

எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. அப்புறம் காது சூடாகிவிட்டது. அந்த வால்வு முழுதாகத் திறக்கப் பதினாலு சுற்று. நாலு சுற்றில் நிறுத்தினால் குன்று ஏறுவதற்குள் தண்ணீருக்கு மூச்சு முட்டிவிடும். பதிவேட்டில் நேரம் மட்டும்தான் இருக்கிறது. சுற்று எங்கேயும் இல்லை. இரண்டு மணி நேரம் என்பது பச்சை உண்மை. அந்த உண்மையைத்தான் நான் வாரா வாரம் படம் எடுத்துக் குன்றுக்காரர்கள் வாயை அடைத்திருக்கிறேன். குன்றின் பங்கு ஒவ்வொரு முறையும் எங்கள் பெரிய தொட்டியில் மிஞ்சி, கீழ் லைனின் முறை வரும்போது அங்கே இறங்கியிருக்கிறது.

"யார் சொன்னாங்க நாலுன்னு?"

"ஆபீஸ்ல."

"எழுத்துல இருக்கா?"

அவர் சிரித்துவிட்டார். "எனக்கு யாரு மேடம் லெட்டர் போடுவா? எனக்கு வர்றது கரண்டு பில்லு ஒண்ணுதான்."

நேரே உதவிப் பொறியாளரிடம் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நாலு சுத்தா? அப்படி ஒரு ஆர்டரே கிடையாதே. வேணும்னா ஃபைலைப் பாரு." பார்த்தேன். கிடையாதுதான். நம் அலுவலகங்களில் நல்ல உத்தரவு காகிதத்தில் வரும், மற்றது போனில் வரும். இதை நீங்கள் எல்லாரும் என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவீர்கள், எனக்குத்தான் அத்தனை நாளானது.

அன்று சாயங்காலம் குழுவை முதலிலிருந்து படித்தேன். வசவுகளுக்கு நடுவே ஒரு குரல் பதிவு. வந்த அன்றே பார்த்துவிட்டுக் கேட்காமல் தள்ளியிருந்தேன். ஒரு பெண் குரல்: "அந்தத் தங்கவேல ஏசாதீங்க. அவன் கைல ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான்.

மறுநாளே அந்தக் குரலைத் தேடிக் குன்று ஏறினேன். உச்சியில் கடைசி வீடு. பெயர் மாரியாயி. இட்லி மாவு அரைத்து விற்கிறவர். கச்சாலில் பிறந்து, அப்பா அம்மாவோடு இங்கே வந்தவர். வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போட்டா புடிச்ச புள்ள நீங்கதானா? நல்லாத்தான் புடிச்சிருக்கீங்க. டீ கிளாஸ்ல ஈ ஒக்காந்திருக்கது கூடத் தெளிவாத் தெரியுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அவர் கையில ஒண்ணும் இல்லன்னு எப்படிக்கா சொன்னீங்க?"

"மூணு வருசத்துக்கு முன்ன அவன் அம்மா செத்துப்போச்சுன்னு கப்பலேறிப் போனான்ல? ஒரு மாசம் வரல. ஒரு பெங்காலிக்காரரு வந்து சுத்துனாரு. ஆளு மாறுது, தண்ணி கூடும்னு நெனச்சு நான் ஆசையா ரெண்டு டிரம்மு வாங்குனேன். எங்க? அந்த மாசம் பூரா அதே நாலு சுத்துதான். அங்க பாருங்க டிரம்ம." படுக்கப் போட்ட நீல டிரம்முக்குள்ளிருந்து ஒரு கோழி எட்டிப் பார்த்தது.

"அது சரி, நாலு சுத்துதான்னு இவ்வளவு மேல இருந்துகிட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தண்ணி இல்லாதவளுக்குக் காது இருக்கும்ல?"

அப்புறம் சொன்னார். வால்வை யாரும் ஒரே மூச்சில் திறப்பதில்லை, குழாய் அதிர்ந்துவிடும். ஒரு சுற்று, கொஞ்சம் நிறுத்தம், அடுத்த சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இங்கே குழாயின் சத்தம் மாறுகிறது. முதல் சுற்றுக்குச் சன்னமாக ஒரு சீறல். இரண்டாவதற்கு, தூக்கத்தில் புரளுகிற ஆள் மாதிரி ஒரு பெருமூச்சு. மூன்றாவதற்குத் துப்பல். நான்காவதற்கு நூல் மாதிரித் தண்ணீர். அதோடு நின்றுவிடும். மாவு அரைக்க ஊற வைப்பதா வேண்டாமா என்று அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இத்தனை வருடமும் முடிவு செய்கிறார். அவர் குழாயடியில் உட்கார்ந்து இதைச் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு வருடம் நீரியல் படித்தவள் நான். ஒரு குழாயைக் காது வைத்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

விசாரணைக்குச் செயற்பொறியாளர் ஒருவர் வந்தார். மெயின்லேண்டிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆன வடநாட்டுக்காரர். சிரிக்கத் தெரியாத மனிதர், ஆனால் அவசரப்படாதவர். நான் எழுந்து, விசாரணையை வால்வு இருக்கிற குழியருகில் வைக்க முடியுமா என்று கேட்டேன். குன்றின் மேல் ஒரு பெண் சத்தத்தை வைத்தே சுற்று எண்ணுவார் என்றேன்.

உதவிப் பொறியாளர் சிரித்தார். "சார், யே ஸப் தமாஷா ஹை."

செயற்பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "தமாஷா ஹை தோ தேக் லேங்கே," என்றார். வேடிக்கை என்றால் பார்த்துவிடலாமே.

அவருடைய டிரைவரையே குன்றுக்கு அனுப்பி மாரியாயி அக்கா பக்கத்தில் உட்கார வைத்தார். கீழே யாரும் அவருக்குச் சாடை காட்ட முடியாது. என் போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு கல்லின் மேல் வைத்தார். என்னைத் திரும்பி நின்று சாலையைப் பார்க்கச் சொன்னார். நான் சாலையைப் பார்த்தேன். செய்தி கேட்டு வந்த ஜனம் இருபது முப்பது பேர் எதிரே நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பின்னால் நடப்பதை நான் ஊகிக்க வேண்டியிருந்தது.

தங்கவேலு கையில் சாவியைக் கொடுத்தார்கள். எத்தனை சுற்று என்று செயற்பொறியாளர் விரலால் காட்டினாராம். இரும்பு உரசுகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரு ஆட்டோ போயிற்று. யாரோ தும்மினார்கள்.

போன் பேசியது. "ரெண்டு. ரெண்டோட நிறுத்திப்புட்டான்."

நான் இந்தியில் சொன்னேன். மூடினார்கள். குழாய் வடியக் காத்திருந்தார்கள். மறுபடி.

"நாலு. இது நம்ம வழக்கமான கேசு."

எதிரே நின்ற ஒரு வங்காளி அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டார். மூன்றாம் முறை வெகுநேரம் பதில் இல்லை. சரி, முடிந்தது, தங்கவேலுவை நான் இரண்டாம் முறையும் கெடுத்தேன் என்று நினைத்தேன்.

"இந்தா, ஏமாத்துறீங்களா? மொதல்ல மூணு சுத்தி, அப்புறம் ஒண்ணு திருப்பி மூடியிருக்கான். இப்ப ரெண்டு."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் செயற்பொறியாளர் என்னைத் திரும்பச் சொன்னார். அவர் முகத்தில் இருந்ததற்கு எனக்குச் சரியான சொல் தெரியவில்லை. கோயிலில் திரை விலகும்போது சில பேர் முகம் அப்படி ஆகும். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தங்கவேலுவிடமிருந்து சாவியை வாங்கித் தானே குழிமேல் நின்றார். மூடிவிட்டு முதலிலிருந்து திறந்தார். நாலு சுற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. ஐந்தாவது நகரவில்லை. பல்லைக் கடித்துச் சாய்ந்தார். கிறீச்சிட்டு நகர்ந்தது. ஆறாவது அதைவிட மோசம். நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"பூச்சோ. கித்னா?" எத்தனை என்று கேள்.

கேட்டேன். போனில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது, அதுவரை கேட்காத ஒரு சத்தம். மாரியாயி அக்காவின் குரல் சின்னதாகிவிட்டது.

"தெரியலியேம்மா. நாலத் தாண்டிருச்சு, அது தெரியுது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. அதுக்கு மேல வந்ததே இல்ல."

அதை அப்படியே இந்தியில் சொன்னேன். செயற்பொறியாளர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சிவந்திருந்தது. பதில் அங்கேயும் இருந்தது: வருடக்கணக்காக நாலுக்கு மேல் யாரும் சுற்றாமல் இறுகிப்போன வால்வு.

நான் பையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். தங்கவேலு கப்பலேறிப் போன அந்த ஒரு மாதத்தைக் காட்டினேன். டிரம் கதையைச் சொன்னேன். அந்த மாதம் சுற்றியவர் வேறு ஆள், சுற்று அதே நாலு. ஆள் மாறியும் மாறாத ஒன்றைத் தங்கவேலு தானாக எப்படிச் செய்திருக்க முடியும்? செயற்பொறியாளர் பதிவேட்டை மூடிவிட்டு உதவிப் பொறியாளரைப் பார்த்தார். உதவிப் பொறியாளர் டேங்கர் நிற்கிற திசையைப் பார்த்தார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்பீர்கள். தங்கவேலுவின் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது, இப்போது நிரந்தரம். போனில் யார் சொன்னார்கள் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. உதவிப் பொறியாளருக்கு மாற்றல் வந்தது. அனுமதியில்லாமல் படம் போட்டதற்காக எனக்கு ஒரு மெமோ. வாங்கிக்கொண்டேன், நியாயமான மெமோ. குழுவில் மன்னிப்புக் கேட்டேன். படத்தை அழித்தேன், ஆனால் அது அழியவில்லை. போன வருடம்கூட வேறு ஏதோ குழுவில் சுற்றி வந்தது, அதே சிவப்பு வட்டத்தோடு. தங்கவேலுவின் மனைவி அந்த வாரங்களில் ரேஷன் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதை எந்த மன்னிப்பில் சேர்ப்பது?

ஆகவே நீங்கள் எதை வெளிச்சத்தில் வைத்தாலும், அது எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று முதலில் கேளுங்கள். நாளைக்குப் பாராடாங்கில் இருப்பீர்களோ வேறு எங்கே இருப்பீர்களோ, உங்கள் கேமராவுக்குச் சுலபமாகச் சிக்குகிற ஆள் அநேகமாகக் கடைசிப் படியில் நிற்கிற ஆளாகத்தான் இருப்பார். மேல் படியில் இருப்பவர் மதில்மேல் உட்கார்ந்து டீ குடிப்பதில்லை.

சரி, வால்வுக் குழிக்கு வருகிறேன். அந்தக் காலை இன்னும் முடியவில்லை.

செயற்பொறியாளர் வால்வை மூடிவிட்டுச் சாவியைத் தங்கவேலுவிடம் நீட்டினார். "பூரா கோலோ," என்றார். முழுதாகத் திற.

தங்கவேலு வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினொரு வருடத் தினக்கூலி. பட்டியல் இன்னும் எதிரில் நிற்கிற மனிதர் கையில்தான் இருக்கிறது.

"சாப், லிக்கே தீஜியே."

எழுதிக் கொடுங்கள் ஐயா.

செயற்பொறியாளர் என்னிடம் கையை நீட்டினார். நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே, தன் தொடையில் வைத்து எழுதினார்: குன்று லைன், இரண்டு மணி நேரம், பதினாலு சுற்று. கீழே கையெழுத்து, பதவி, தேதி. கிழித்துக் கொடுத்தார். தங்கவேலு அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மறுபடியும் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கையில் எடுத்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதற்கு அவர் சாய்ந்தபோது கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்து சாவியின் மறுமுனையைப் பிடித்தார்கள்.

"நிறுத்து, நிறுத்து!" என்று போன் அலறியது. நாங்கள் பயந்துவிட்டோம். குழாய் வெடித்துவிட்டதோ என்று நான் போனை எடுத்து, "என்னக்கா, என்ன ஆச்சு?" என்றேன்.

பின்னால் பாத்திரங்கள் உருளுகிற சத்தம், யாரோ தெலுங்கில் கூப்பிடுகிற சத்தம், தண்ணீர். அதற்கெல்லாம் மேலே மாரியாயி அக்கா கத்தினார்:

"ஒண்ணும் ஆகல. மெதுவா சுத்தச் சொல்லுங்க அவன. ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சுத்தட்டும். அஞ்சு எப்படிக் கேக்குது, ஆறு எப்படிக் கேக்குதுன்னு நான் பதினாலு வரைக்கும் பழகிக்கணும்."